அயனம்பாக்கம் டூ துபாய்: இணைய அழைப்புக்குப் போட்ட பூட்டு

எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய மஞ்சள் பலகையை 1990களில் வளர்ந்த யாரும் மறந்திருக்க முடியாது. கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், சுவரில் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். அயனம்பாக்கம், அம்பத்தூர், ஆவடி பக்கத்திலிருந்து வெல்டராகவும் ஃபிட்டராகவும் வளைகுடாவுக்குப் போனவர்களின் வீட்டார் பேசியது அந்தக் கூண்டுக்குள் நின்றுதான். பேசுபவரின் கண் மீட்டரில்தான் இருக்கும். "நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா" என்பதற்குள் பணம் ஓடிவிடும்!

இந்தக் கவலையைத் தீர்க்க வந்ததுதான் இணையத் தொலைபேசி. ஆனால் அது வந்த வேகத்திலேயே பல நாடுகள் அதற்குப் பூட்டுப் போட்டன. முதலில் பூட்டியவர்களில் இந்தியாவும் உண்டு என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

பூட்டுக்குக் காரணம் பணம்

1995இல் இஸ்ரேலின் வோகல்டெக் நிறுவனம் 'இன்டர்நெட் ஃபோன்' என்ற மென்பொருளை வெளியிட்டது. குரலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, மின்னஞ்சல் போகும் அதே வழியில் அனுப்புவதுதான் இதன் தத்துவம். பொதுவாக ஒரு துண்டு 20 மில்லி விநாடி, அதாவது நொடிக்கு 50 பொட்டலங்கள். சென்னைக்குப் போனாலும் சிகாகோவுக்குப் போனாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான்.

இங்கேதான் சிக்கல். அன்றைய வெளிநாட்டு அழைப்புக்கு ஒரு கணக்கு இருந்தது. அமெரிக்காவிலிருந்து ஒருவர் இந்தியாவுக்குப் பேசினால், அங்குள்ள நிறுவனம் வசூலித்த தொகையில் ஒரு பங்கை இங்குள்ள நிறுவனத்துக்குத் தர வேண்டும். இந்தியாவிலிருந்து போகும் அழைப்புகளைவிட உள்ளே வரும் அழைப்புகள் அதிகம். ஆகவே ஏகபோக உரிமை பெற்றிருந்த விதேஷ் சஞ்சார் நிகாம் (வி.எஸ்.என்.எல்.) நிறுவனத்துக்கு டாலரில் வருமானம் கொட்டியது. இணையத்தில் இலவசமாகப் பேசினால் இந்த வருமானம் என்னாகும்?

இந்தியாவின் ஏழாண்டுப் பூட்டு

பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நாட்டின் இணைய வாசலும் அதன் கையில்தான். குரல் அழைப்பு மென்பொருள் தரும் தளங்கள் அந்த வாசலிலேயே தடுக்கப்பட்டன. 1999இல் கார்கில் போரின்போது பாகிஸ்தானின் 'டான்' நாளிதழின் தளத்தை மறித்ததும் இதே வாசலில்தான். அதே ஆண்டு வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, இணையத் தொலைபேசிக்கு இப்போதைக்கு அனுமதி இல்லை என்று எழுத்திலேயே சொன்னது.

2002 ஏப்ரல் 1 அன்று பூட்டு பாதி திறந்தது. கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம். ஆனால் கணினியிலிருந்து உள்நாட்டுத் தொலைபேசிக்குப் பேசக்கூடாது! பிரவுசிங் சென்டர்களில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் பேசும் காட்சி அதன்பிறகுதான் சாதாரணமானது. மீதிப் பாதி திறக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வளைகுடாவின் பூட்டு

2003 ஆகஸ்டில் ஸ்கைப் வந்தது. இங்கே திறந்த கதவு அங்கே திறக்கவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் தொலைபேசி நிறுவனங்கள் இரண்டுதான்: 1976இல் தொடங்கிய எடிசலாட், 2006இல் சேவைக்கு வந்த டூ. இரண்டிலும் அரசுக்குப் பங்கு உண்டு. உரிமம் பெற்றவர் மட்டுமே இணைய அழைப்பு தரலாம் என்பது அங்குள்ள விதி. 2015இல் வாட்ஸ்அப்பில் அழைப்பு வசதி வந்ததும் அங்கே அது நிறுத்தப்பட்டது. 2018இல் போட்டிம் போன்ற செயலிகளுக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் மொபைலுக்கு மாதம் 50 திர்ஹம் சந்தா கட்ட வேண்டியிருந்தது. சவுதி அரேபியா 2013இல் வைபரைத் தடுத்தது. 2017 செப்டம்பரில், விதிகளுக்கு உட்படும் செயலிகளுக்கான தடையை நீக்கியது.

வடிகட்டி எப்படி வேலை செய்கிறது?

முதல் வழி, பெயரை மறைப்பது. தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் டி.என்.எஸ். சர்வர், தவறான பதிலைத் தரும். இரண்டாவது, அந்த எண் முகவரிக்குப் போகும் பொட்டலங்களையே வீசிவிடுவது. மூன்றாவது, இணைய அழைப்புக்கு வழக்கமாகப் பயன்படும் போர்ட்டுகளை அடைப்பது.

ஸ்கைப் இவற்றுக்கு எளிதில் சிக்கவில்லை. போர்ட்டை மாற்றிக்கொள்ளும், எல்லாம் அடைபட்டால் சாதாரண இணையப் பக்கங்கள் வரும் 80, 443 வழியாக நுழைந்துவிடும். அதற்குத்தான் நான்காவது வழி: பொட்டலங்களை ஆழமாக ஆராய்வது. பேச்சு ரகசியக் குறியீட்டில் இருப்பதால் உள்ளே என்ன என்று தெரியாது. ஆனால் தொடக்கத்தில் நடக்கும் கைகுலுக்கல், சிறிய அளவு, சீரான இடைவெளி ஆகியவை காட்டிக்கொடுத்துவிடும். உறையைப் பிரிக்காமலே 'கல்யாணப் பத்திரிகை' என்று தபால்காரர் சொல்லிவிடுவது போல!

இதனால்தான் ஒரே வாட்ஸ்அப்பில் குறுஞ்செய்தி போகும், பதிவு செய்த குரல் போகும், நேரடிப் பேச்சு மட்டும் போகாது. முதல் இரண்டும் கோப்புகள். மூன்றாவது இடைவிடாத ஓட்டம். எனவே குழந்தையின் மழலையைப் பதிவு செய்து அனுப்பிவிட்டு, அப்பாவின் பதில் எப்போது வரும் என்று வீடு காத்திருக்கும்.

யாருடைய பணம்?

தடைக்கு நிறுவனங்கள் சொல்லும் நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது. கேபிளும் கோபுரமும் போட்டவர் அவர். உரிமக் கட்டணம் கட்டுபவரும் அவரே. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது அமீரகம் ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்றவற்றைத் திறந்துவிட்டது, அலுவலகமும் பள்ளியும் நடக்க வேண்டுமே! வாட்ஸ்அப் அழைப்பு அந்தப் பட்டியலில் இல்லை. முதலாளியோடு இலவசமாகப் பேச வழி பிறந்தது. மனைவியோடு பேச சந்தா தொடர்ந்தது.

மஞ்சள் பலகைகள் மறைந்துவிட்டன. ஸ்கைப்பும் 2025 மே 5 அன்று மூடப்பட்டது. தூரத்துக்குக் காசு என்ற கணக்கைத் தொழில்நுட்பம் எப்போதோ அழித்துவிட்டது. அழிந்த கணக்கைச் சட்டத்தால் மறுபடி எழுதினால், அதைக் கட்டுவது நிறுவனம் அல்ல, வீட்டை விட்டு வெகுதூரம் போய் உழைப்பவர்தான்.