யேசபேல்: இளவரசனா, குப்பையா?

முதல்ல ஒரு திருத்தம். போன எபிசோடுல பேச்சுவாக்குல, 'யேசபேல்னா எபிரெய மொழியில சாணின்னு அர்த்தம்'னு சொல்லிட்டேன். நேயர் ஒருத்தர் கேட்டார்: "எந்த அப்பனாவது பெத்த பொண்ணுக்கு அப்படிப் பேர் வைப்பானாங்க?" நியாயமான கேள்வி.

அந்த அப்பா ஒரு ராஜா. சீதோனியரின் ராஜா ஏத்பாகால் என்கிறது 1 இராஜாக்கள் 16:31. அவர் பேரிலேயே பாகால் தெய்வம் இருக்கு. மகள் கி.மு. 9-ம் நூற்றாண்டில் இஸ்ரவேல் ராஜா ஆகாபுக்கு மனைவியாகப் போனாள். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்காக அவனைப் பொய்வழக்கில் கொன்றவள் என்று வேதம் சொல்லும் அந்த வில்லி இவள்தான்.

இப்போ பேருக்கு வருவோம். எபிரெயத்தில் 'ஈஸெவெல்'. 1929-ல் சிரியா கடற்கரையில் ராஸ் ஷம்ராவைத் தோண்ட ஆரம்பித்தார்கள். உகாரித் என்ற பழைய நகரம் அது. யேசபேலுக்குச் சுமார் 300 வருஷம் முன்பே அழிந்துபோனது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் பாகாலுக்கு 'ஸ்புல்' என்று ஒரு பட்டம். இளவரசன் என்று அர்த்தம். கதையில் பாகால் செத்துப்போகிறான், வயல் காய்கிறது, இளவரசன் எங்கே என்று தேடுகிறார்கள். அந்த 'எங்கே இளவரசன்' என்ற சொற்கள்தான் 'ஈ-ஸ்புல்'. மழைக்கு ஏங்குகிற பக்திப் பேர். பல அறிஞர்கள் ஒத்துக்கொள்ளும் விளக்கம் இது.

பிறகு எப்படி சாணியாச்சு? எபிரெயத்தில் மெய்யெழுத்தை மட்டும்தான் எழுதுவார்கள். உயிர்க்குறிகள் பல நூற்றாண்டு கழித்து வந்தவை. 'ஸ்புல்'லை 'ஸெவெல்' என்று வாசித்தால் போதும், எரு, குப்பை. இன்றைய எபிரெயத்திலும் குப்பைக்கு அதுதான் சொல். வேணும்னே செய்த வேலைன்னுதான் எனக்குத் தோணுது. ஏன்னா இது ஒரு தடவை நடந்ததில்லை. எக்ரோன் ஊர் தெய்வம் பாகால்சேபூப், அதாவது 'ஈக்களின் எஜமான்'. அதுவும் 'பாகால்-ஸ்புல்'லைக் கிண்டலாக மாற்றியதுதான் என்பார்கள். சவுலின் குடும்பத்து மேரிபாகால், இன்னொரு புத்தகத்தில் மேவிபோசேத். 'போசேத்' என்றால் வெட்கம்.

2 இராஜாக்கள் 9:37-ல் அவள் பிணம் வயல்வெளி எருவைப் போலக் கிடக்கும் என்று வருது. அங்கே இருக்கும் சொல் 'தோமென்', 'ஸெவெல்' இல்லை. நான் தப்பு செய்தது இங்கேதான், ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன்.

1964-ல் அவிகாத் என்ற அறிஞர் ஒரு முத்திரைக்கல்லை வெளியிட்டார். அதில் 'ய-ஸ-ப-ல'. முதல் எழுத்து இருக்க வேண்டிய மேல்விளிம்பு உடைஞ்சிருக்கு. அது அவளுடையதா இல்லையான்னு இன்னும் சண்டை ஓடுது.