கேம் வாய் திறந்து பேச வேண்டுமா, எழுதிக் காட்டினால் போதுமா?

வீடியோ கேம் ஆடுபவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை எப்படியும் வந்துவிடும். பாத்திரங்கள் நடிகர்களின் குரலில் பேசினால்தான் கதைக்குள் ஒன்றிப்போக முடியும் என்பார் ஒருவர். திரையில் ஓடும் எழுத்தே போதும், குரலை மனசே போட்டுக்கொள்ளும் என்பார் மற்றவர். கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த சண்டை இது என்று நினைக்க வேண்டாம். தென்பெண்ணைக் கரையில் இருக்கும் மணலூர்பேட்டைப் பக்கம் இது ரொம்பப் பழைய சங்கதி.

மணலூர்பேட்டை இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019க்கு முன் விழுப்புரம், 1993க்கு முன் தென்னாற்காடு. அந்தப் பழைய தென்னாற்காடு தெருக்கூத்துக்குப் பேர்போன சீமை. அங்கே திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கதை இரண்டு விதமாக வரும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுளைச் சொல்லி விளக்கம் கொடுப்பார். ஏட்டில் இருக்கும் எழுத்துக்கு அதில் முதல் மரியாதை. இரவானால் அதே கதை வேஷம் கட்டி, விடிய விடிய கூத்தாக நடக்கும். ஒன்று போதுமே, இன்னொன்று எதற்கு என்று யாரும் கேட்டதில்லை!

கூத்தில் ஒரு நுட்பம் உண்டு. வேஷக்காரர் ஒரு பாட்டைப் பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கிப் பாடுவார்கள். பிறகு அவரே அதை வசனமாகவும் பேசுவார். நடுவில் கட்டியக்காரன் புகுந்து, புரியாத மாதிரி குறுக்குக் கேள்வி கேட்டு, இன்னொரு முறை சொல்ல வைத்துவிடுவான். மைக் இல்லாத காலம், திறந்த வெளி, பாதித் தூக்கத்தில் இருக்கும் கூட்டம். எழுத்து காத்திருக்கும், குரல் காத்திருக்காது என்பது அந்தக் கலைஞர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைசியில் படுகளத்தில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் கிடக்க, பார்க்க வந்தவர்களில் சிலருக்கு ஆவேசமே வந்துவிடும். ஒன்றிப்போவது என்றால் இதைவிட வேறென்ன!

வீடியோ கேமின் கதை வேறு மாதிரி. அங்கே ஆரம்பத்தில் குரல் விலை உயர்ந்த சரக்கு. 1980இல் வந்த 'பெர்செர்க்' என்ற ஆர்கேட் கேமில் ரோபோக்கள் கரகர குரலில் பேசின. யாரும் ஆடாத நேரத்தில், உங்கள் பையில் காசு இருப்பது தெரிகிறது என்று அந்த மெஷினே ஆளைக் கூப்பிடும் (நல்ல வியாபாரி!). ஆனால் அதற்குத் தெரிந்தது சில சொற்கள்தான். 1990களில் சிடி வந்து இடப் பஞ்சம் தீர்ந்த பிறகுதான் பாத்திரங்கள் தாராளமாகப் பேச ஆரம்பித்தன. 'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசை வாய் திறந்தது 2001இல், பத்தாவது பாகத்தில்.

எழுத்து தோற்றுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' பெரும்பாலும் படிக்க வேண்டிய கேம். அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்கள் இன்றும் உண்டு. 2019இல் 'டிஸ்கோ எலிசியம்' கொஞ்சம் குரல், நிறைய எழுத்து என்று வந்தது. 2021இல் கிட்டத்தட்ட எல்லா வசனத்துக்கும் குரல் கொடுத்து மறுபடி வெளியிட்டார்கள். எழுத்தையும் திரையிலிருந்து எடுக்கவில்லை. பகல் பிரசங்கமும் ராத்திரிக் கூத்தும் ஒரே திரையில்!

மணலூர்பேட்டையில் ஒரு பையன் கேம் ஆடுகிறான் என்றால் அவனுக்கு இது ரசனை சம்பந்தப்பட்ட கேள்வியே அல்ல. பெரிய கேம்கள் பேசுவது இங்கிலீஷ். அமெரிக்க உச்சரிப்பில் சரசரவென்று ஓடும் குரலைப் பிடிப்பதற்குள் காட்சியே மாறிவிடும். எழுத்து நின்று கொடுக்கும். அகராதி பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவனைக் கேட்கலாம். எத்தனை கோடி செலவழித்து எடுத்த குரலானாலும், புரியாவிட்டால் பின்னணி இசை மாதிரிதான்.

இந்த இடத்தில் 2023இல் வந்த 'வெண்பா' கவனிக்க வேண்டியது. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. 2024இல் பாஃப்டா விருதும் வாங்கியது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. வசனம் முழுக்க எழுத்துதான், யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேட்டில் சில வரிகள் அழிந்து போயிருக்கும். அடுத்து என்ன செய்வது என்று ஆடுபவரே யோசித்து இட்லி வேக வைக்க வேண்டும். அப்போது சமையலறை ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். குரலுக்கு அந்த கேமில் இருக்கும் இடம் அது.