இரு கட்டத்துக்குள் அடங்காத பக்கவாதம்: மோயாமோயாவும் மும்பைப் பதிவேடும்

மருத்துவர் பி. எம். தலால் தலைமையிலான குழு 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் மும்பையின் ஒரு பகுதியில் பக்கவாதப் பதிவேடு ஒன்றை நடத்தியது. முதன்முறையாகப் பக்கவாதம் கண்ட 456 பேர் அதில் இடம்பெற்றனர். அவர்களுள் 366 பேருக்கு இரத்தக்குழாய் அடைப்பு. 81 பேருக்கு இரத்தக்கசிவு. 9 பேர் எந்த வகையிலும் சேர்க்கப்படவில்லை.

இப்படிப் பிரிக்க முடிந்ததே அண்மைக்கால வசதிதான். 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும்வரை, தலைவலி, வாந்தி, நினைவிழப்பு ஆகியவற்றையும் முதுகுத் தண்டுநீரில் இரத்தம் கலந்திருக்கிறதா என்பதையும் வைத்தே மருத்துவர்கள் ஊகித்தனர்.

இந்த இருவகைப் பாகுபாட்டைக் குலைக்கும் நோய் மோயாமோயா. டாகேயுச்சியும் ஷிமிசுவும் 1957இல் ஜப்பானில் இதனை முதலில் விவரித்தனர். சுசுகியும் டகாகுவும் 1969இல் பெயரிட்டனர். காற்றில் மங்கலாய் மிதக்கும் புகையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் அது. உட்கழுத்துத் தமனியின் நுனி, மூளைக்குள் கிளைபிரியும் இடத்தில், மெல்லமெல்லச் சுருங்குகிறது. அதனை ஈடுசெய்ய மூளையின் அடிப்பகுதியில் நுண்குழாய்கள் பெருகுகின்றன. ஆஞ்சியோகிராமில் புகைபோல் தெரிபவை இவையே. குருதி போதாவிடில் அடைப்புவகைப் பக்கவாதம்; மிகுதியான சுமையைத் தாங்கமாட்டாமல் நுண்குழாய் வெடித்தால் கசிவு. காரணம் ஒன்று, விளைவு இரண்டு.

குழந்தைகளிடம் அடைப்பே பெரும்பான்மை. பெரியவர்களிடம்தான் சிக்கல். அடைப்புவகையில் ஒருபக்கக் கை மரத்துப்போதலும் பேச்சுக் குழறலும் சில நிமிடங்கள் வந்து மறையும்; பலமுறை திரும்பும். கசிவுவகையில் முன்னறிவிப்பு அரிது: திடீர்த் தலைவலி, வாந்தி, மயக்கம், இரத்தம் மூளையின் உள்ளறைகளுக்குள்ளும் பாய்வதுண்டு. ஜப்பான், கொரியா நாடுகளில் வயதுவந்தோரிடம் கசிவு கணிசமான பங்கு வகிக்கிறது. இந்திய மருத்துவமனைத் தொகுப்புகளில் அடைப்பே மிகுதி. இவ்வேறுபாட்டை மரபணுவால் மட்டும் விளக்கிவிடலாம் என்ற அவசரம் சரியன்று. ஆஞ்சியோகிராம் யாருக்கு எடுக்கப்படுகிறது என்பதும் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது.

தாராவியை ஒட்டியுள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனை மாட்டுங்கா, செம்பூர்த் தமிழருக்கும் எட்டும் தொலைவில் இருப்பது. இத்தகைய இடத்துக்கு நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவர் மூளைக்கசிவோடு வந்தால், ‘பிரஷர்’ என்ற விடை எளிதில் கிடைத்துவிடும்; பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மோயாமோயாவாக இருந்தால், அழுத்தத்தை மட்டுமீறிக் குறைப்பது குருதி போதாத மற்றப் பகுதிகளுக்குக் கேடு. மறுபுறம், அடைப்போடு வந்தவருக்குத் தரும் ஆஸ்பிரின், கசியக்கூடிய நுண்குழாய்களை நினைத்தே தரப்பட வேண்டும்.

கசிவு கண்ட வயதுவந்தோருக்குத் தலைத்தோல் தமனியை மூளைத் தமனியோடு இணைக்கும் அறுவை பயன்தருமா என ஜப்பானில் 80 பேரிடம் சோதித்தனர். 2014இல் வெளியான முடிவின்படி, அறுவை செய்த 42 பேரில் 11.9 விழுக்காட்டினருக்கும் செய்யாத 38 பேரில் 31.6 விழுக்காட்டினருக்கும் மீண்டும் கசிந்தது. எண்ணிக்கை சிறிது, புள்ளியியல் உறுதியும் எல்லைக்கோட்டில்தான் நின்றது.