வண்டி வரும், எங்கே நிறுத்துவது?

1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடியை அடுத்த மேலவாசல் கிராமத்தில் ஒரு மாட்டுவண்டிக்குத் தொடக்கவிழா நடந்தது. வண்டியில் ஏற்றியிருந்த சரக்கு புத்தகம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் மன்னார்குடிப் பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை. தொடங்கிவைத்தவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன்.

ரங்கநாதனும் காவிரி டெல்டாக்காரர்தான், 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். கணக்குப் பேராசிரியராக இருந்தவர் 1924-இல் நூலகரானார், பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே பொது நூலகம் சாமானியரின் அன்றாடத்துக்குள் புகுந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளைச் சொல்லும் அவருடைய புத்தகம் வந்தது. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது அதில் இரண்டாவது விதி. அதே ஆண்டில் அந்த விதி மேலவாசலில் மாடு பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

தேதிதான் கொஞ்சம் இடக்கு. ஐப்பசி, அடைமழைக் காலம். சம்பா வயலில் வேலை ஓயாத நேரம். டெல்டாவின் வண்டல் பாதையில் அப்போது பாரவண்டி ஓட்டுவது எப்படி என்பதை ஓட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும். தையில் அறுவடை முடிந்து களம் காலியான பிறகு, பங்குனித் திருவிழா வரைக்கும் ஊருக்கு ஓய்வு உண்டு. கூத்து, நாடகம், பின்னாளில் டூரிங் டாக்கீஸ் எல்லாம் பெரும்பாலும் அந்த இடைவெளியைக் குறிவைத்தே வந்தன. அறிவைச் சுமந்து வருகிறவர்கள் மட்டும் ஏனோ பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

புத்தகம் ஊரைத் தேடிப் போவதற்கு முன்னோடி பரோடா. மன்னர் மூன்றாம் சயாஜிராவ் 1910-இல் அமெரிக்க நூலகர் போர்டனை வரவழைத்து, சமஸ்தானம் முழுக்க நூலகங்கள் அமைத்தார். சிற்றூர்களுக்கு மரப்பெட்டிகளில் புத்தகம் போனது. கூடவே படவிளக்கும் சினிமாக் கருவியும் கொண்டு ஊர் ஊராகக் காட்சி நடத்த ஒரு தனிப்பிரிவும் இயங்கியது. பெட்டியை அனுப்புவது பெரிய காரியமில்லை. அந்தப் பக்கம் அதை வாங்கி வைத்து, திறந்து காட்டி, கணக்கு ஒப்பித்துத் திருப்பி அனுப்ப ஒரு ஆள் வேண்டும், ஒரு கூரை வேண்டும்.

டெல்டாவில் கூரைக்குப் பஞ்சமே கிடையாது. கோயில் மண்டபம், சத்திரம், சாவடி, பஜனை மடம், திண்ணைப் பள்ளிக்கூடம் என்று எல்லா ஊரிலும் ஏதாவது ஒன்று இருந்தது. ஆனால் அவற்றில் யார் ஏறலாம் என்பதுதான் கேள்வி. தஞ்சைப் பெரிய கோயிலே 1939-இல்தான் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறக்கப்பட்டது. மேலவாசல் விழா அதற்கு எட்டு ஆண்டு முந்தையது. மண்டபத்தில் புத்தகத்தை அடுக்கினால் அது பாதி ஊருக்குத்தான் நூலகம். சக்கரம் வைத்த வண்டியின் உண்மையான பெருமை அங்கேதான்: மண்டபத்தை நம்பியிராமல் அதனால் சேரிக்கும் போக முடியும். போனதா என்பது ஓட்டியவர் மனத்தையும் பொறுத்தது.

தஞ்சையின் அடுத்த பெரிய முயற்சி எதிர்த்திசையில் நடந்தது. 1951-இல் ஆட்சியர் டி.கே. பழனியப்பன் முயற்சியில் அரண்மனையில் கலைக்கூடம் திறக்கப்பட்டது. கரந்தையில் இருந்த பிரம்மா சிற்பத்தை வெளியூர்க்காரர் ஒருவர் கொண்டுபோக முயன்றபோது மக்கள் தடுத்ததே அதற்குத் தூண்டுதல் என்பார்கள். வயலோரத்திலும் சிதைந்த கோயில்களிலும் கிடந்த சிலைகள் வண்டியேறி நகரத்துக்கு வந்தன. தாராசுரத்துக் கங்காளமூர்த்தியும் ரிஷிபத்தினிகளும் இன்று அங்கேதான் நிற்கிறார்கள். காப்பாற்றியது நியாயம்தான். ஆனாலும் கிராமத்தார் தங்கள் ஊர்ச் சிற்பத்தைப் பார்க்க நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டியதாயிற்று.

அருங்காட்சியகம் மறுபடி ஊரைத் தேடிப் புறப்பட்டது அறிவியலின் பேரில். 1965-இல் கல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் நடமாடும் கண்காட்சியைத் தொடங்கியது. முதல் நிறுத்தம் நரேந்திரபூர் ராமகிருஷ்ண மிஷன் பள்ளி. பிறகு நாட்டின் பல பகுதிகளிலும் அத்தகைய பேருந்துகள் ஓடின. அவற்றுக்கு இடம் கொடுத்தவை பள்ளி மைதானங்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாசலில் நுழையும் இடம் என்ற வகையில், பழைய மண்டபத்தைவிட அது எவ்வளவோ மேல். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1994-இல்தான் சிற்றூர்களுக்கென்றே தனிக் கண்காட்சித் திட்டம் தொடங்கி, உள்ளூர் நூலகங்களையும் சிறு அருங்காட்சியகங்களையும் தேடிப் பிடித்தது.

டெல்டாவிலோ, அரும்பொருளை ஊருக்கு அனுப்பித் திரும்பப் பெறும் வழக்கம் கண்காட்சி என்ற பெயரில்லாமலே நடக்கிறது. திருட்டுக்குப் பயந்து சிறு கோயில்களின் ஐம்பொன் திருமேனிகள் திருவாரூர் தியாகராசர் கோயில் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டுள்ளன. பயத்துக்குக் காரணம் உண்டு: பத்தூர் நடராசர் லண்டன் வரை போய், வழக்கு நடந்து, 1991-இல்தான் நாடு திரும்பினார். திருவிழா வந்தால் ஊர்க்கோயில் தரப்பினர் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, தங்கள் சாமியை வாங்கிப் போகிறார்கள். உற்சவம் முடிந்ததும் திருமேனி மறுபடி திருவாரூர் வந்து சேர்கிறது. காவலுக்குப் பொறுப்பு, போகும் நாள், திரும்பும் நாள், இடம் தரும் ஊர் எல்லாம் அந்த ஏற்பாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. அருங்காட்சியகத் துறை எட்டிப் பார்க்கலாம்.