புலால் மறுப்பு: அறம் கருதி எடுக்கும் முடிவு

உணவுக்காக விலங்குகள் கொல்லப்படுவதிலும் வதைக்கப்படுவதிலும் தனக்குப் பங்கு வேண்டாம் என்று எண்ணி, ஒருவர் இறைச்சி, மீன் முதலியவற்றை விட்டுவிடுவது அறம் கருதிய புலால் மறுப்பு எனப்படும். பிறந்த வீட்டு வழக்கமாக வரும் சைவ உணவு, விரத நாட்களில் கறியைத் தவிர்ப்பது, கொழுப்புக்குப் பயந்து மருத்துவர் சொற்படி குறைத்துக்கொள்வது ஆகியவை இதில் சேரா. இலையில் விழும் சோறும் சாம்பாரும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் விரதக்காரர் மாதம் முடிந்ததும் கறிக்கடைக்குப் போகலாம். கொலையை எண்ணி விட்டவருக்கு அந்தக் கெடு எதுவும் கிடையாது.

இந்தியச் சைவ உணவுக்காரர்களில் பெரும்பாலோர் இந்த முடிவைத் தாமாக எடுத்ததில்லை. பல தலைமுறைகளுக்கு முன்பே அவர்கள் குடும்பம் எடுத்துவிட்டது. தமிழ்நாட்டின் நிலை வேறு. 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறையின் அடிப்படைக் கணக்கெடுப்பில், இங்கு 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள் என்று தெரிந்தது. ஆகவே தமிழ்நாட்டில் அறம் கருதிப் புலால் விடுகிறவர் அநேகமாகத் தன் வீட்டு அடுப்போடும் குலதெய்வத்தோடும் முரண்பட்டே அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

தமிழ் மரபில் வாதம்

சங்க இலக்கியத்தில் ஊனுணவு வெட்கப்பட வேண்டிய பொருளாக வருவதில்லை. புறநானூற்றின் 14ஆம் பாட்டில், புலவர் கபிலரின் கை ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று வியந்த சேர மன்னனுக்கு அவர் விடை சொல்கிறார்: உன் கை போர்த்தொழில் செய்து காய்த்தது, உன்னைப் பாடுவோரின் கையோ கறியும் சோறும் உண்ணும் வேலையைத் தவிர வேறு அறியாது. பொருநராற்றுப்படையின் பொருநன், கரிகாலன் தந்த இறைச்சியை இரவும் பகலும் தின்று பல் மழுங்கிப் போனதாகவே கூறுகிறான். கபிலரை அந்தணர் என்றே மரபு சொல்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இன்று சாதியோடு ஒட்டிப்போயிருக்கும் உணவு விதிகள் எல்லாக் காலத்துக்கும் உரியவை என்ற எண்ணம் தளரும்.

புலால் உண்ணலாமா என்ற கேள்வி தமிழில் வலுப்பெறுவது சமண, பௌத்தக் கருத்துகள் வேர்விட்ட பிறகுதான். திருக்குறளின் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். அது துறவறவியலில் வைக்கப்பட்டிருப்பதால் துறவிக்கு மட்டுமே உரிய விதி என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் 256ஆம் குறளின் வாதம் சந்தையைப் பற்றியது. தின்பதற்கென்று உலகம் கொல்லாதிருந்தால், விலைக்கு ஊன் விற்பவரும் இருக்க மாட்டார் என்பது அதன் கருத்து. காசு கொடுத்துக் கறி வாங்குகிறவர் இல்லறத்தார். பிச்சைப் பாத்திரம் ஏந்தும் துறவி இல்லை. அந்த ஒரு குறளையாவது துறவிக்குள் அடக்குவது கடினம்.

அந்த வாதத்துக்கு எதிர்ப்பக்கம் ஒன்று அன்றே இருந்தது. பௌத்தப் பிக்குகளுக்கான விதியின்படி, தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்க்காத, கேட்காத, ஐயுறாத ஊனைப் பிச்சையில் ஏற்கலாம். சங்கத்தார் அனைவரும் ஊனையும் மீனையும் அறவே விலக்க வேண்டும் என்று தேவதத்தன் கேட்டபோது புத்தர் அதை விதியாக்க மறுத்ததாகப் பாலி நூல்கள் கூறுகின்றன. பின்னாளில் மகாயான நூலான லங்காவதார சூத்திரம் ஊனுண்ணலைக் கடுமையாகவே கண்டித்தது. தமிழில் சமணக் காப்பியமான நீலகேசி, பௌத்தர்களோடு நடத்தும் வாதங்களில் இதையும் இழுத்து வைத்துப் பேசுகிறது. அதே காப்பியத்தின் தொடக்கத்தில், நேர்த்திக்கடனுக்கு ஆடு கொண்டுவந்தவர்களிடம் ஒரு சமண முனிவர் மண்ணால் உருவம் செய்து வைத்தால் போதும் என்று சொல்லிவிடுவார். பலியை இழந்த காளிக்கு வரும் கோபத்திலிருந்தே கதை கிளம்புகிறது.

மணிமேகலை தரும் தீர்வு இன்னும் நுட்பமானது. கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவனுக்கு அவர்கள் தலைவன் கள்ளும் ஊனும் தரச் சொல்கிறான். சாதுவன் மறுத்து அறம் கூறுகிறான். எங்களுக்கு ஏற்ற அறத்தைச் சொல் என்று தலைவன் கேட்டபோது, மூப்படைந்து தானாக இறக்கும் விலங்கைத் தவிர வேறெதையும் உணவுக்காகத் தீண்டாதீர்கள் என்று சாதுவன் வரம்பு கட்டித் தருகிறான். கேட்பவரின் வாழ்நிலையைப் பார்த்து விதியை அளந்து தரும் இந்த முறை, இன்று இவ்விஷயத்தில் எழுதப்படும் பல கண்டிப்பான நூல்களில் காணாத ஒன்று.

வாங்குபவரின் பொறுப்பு

இன்றைய வாதத்தின் நடுப்பகுதியும் 256ஆம் குறள் தொட்ட இடத்தில்தான் இருக்கிறது. கடையில் தொங்கும் ஆடு ஏற்கெனவே செத்தது. நான் வாங்காவிட்டால் அடுத்தவர் வாங்குவார். என் ஒருவனால் எந்த உயிர் பிழைக்கும்? தயங்கி நிற்கும் பெரும்பாலோர் கேட்பது இதைத்தான், கேள்வியும் நியாயமானதே. ஒருவர் அரை கிலோ கோழி வாங்காததால் அன்று ஒரு கோழியும் தப்பாது.

ஆனால் கடைக்காரர் நாளைக்கு எத்தனை பெட்டி கோழி இறக்குவது என்பதை இன்றைய விற்பனையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். பத்துப் பேர் வாங்காதபோது ஒரு பெட்டி குறையலாம். அந்தப் பத்தாவது ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் இதைக் கண்ணால் பார்க்க ஒரு மாதம் உண்டு. புரட்டாசியில் லட்சக்கணக்கானோர் கறியை விடுவதால் கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலை இறங்குகிறது. அந்த விலையைப் பல்லடத்தில் இயங்கும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவித்து வருகிறது. பெருமாளுக்காகக் கறியை விட்டவர்களுக்குக் கோழியைப் பற்றிய எண்ணமே இருந்திராது. ஆனாலும் பண்ணைக் கணக்கில் விளைவு தெரிகிறது. தனி ஆளின் மறுப்பு எடையற்றது என்ற வாதம் இங்கே பாதியாவது உடைகிறது.

பண்ணை முறை மாறியதும் கேள்வியின் கனத்தைக் கூட்டியிருக்கிறது. நாமக்கல், கோவை, திருப்பூர் வட்டாரங்களில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கப்படுகிறது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தரும். கொட்டகையும் உழைப்பும் விவசாயி தருவார். எடைக்கு ஏற்ப வளர்ப்புக் கூலி கிடைக்கும். ஆறு வாரத்துக்குள் கோழி இரண்டு கிலோவை எட்டி லாரி ஏறிவிடும். கொல்லையில் மேய்ந்து திரிந்து, விருந்தாளி வந்த அன்று பிடிபட்ட நாட்டுக்கோழியின் வாழ்க்கைக்கும் இதற்கும் ஒப்பே இல்லை. பிரிட்டனில் ரூத் ஹாரிசன் 1964இல் எழுதிய ‘அனிமல் மெஷின்ஸ்’ இத்தகைய பண்ணை வாழ்க்கையைத்தான் முதன்முதலில் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது. கொலையை ஏற்றுக்கொள்கிறவர்கூட அதற்கு முந்தைய வாழ்க்கையை ஏற்க மறுக்கலாம் என்ற நிலைப்பாடு அதன் பிறகு வலுப்பெற்றது.

இங்கே ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளாட்டில் 10 முதல் 15 கிலோ கறி தேறும். அதே அளவு கறிக்கு எட்டு பத்து கோழிகள் வேண்டும். நெத்திலியானால் ஒரு கிலோவுக்கே நூற்றுக்கணக்கான உயிர்கள். ஆட்டுக்கறியை விட்டுவிட்டுக் கோழிக்கும் மீனுக்கும் மாறுவது உடலுக்கு நல்லதாக இருக்கலாம். உயிர்களை எண்ணி முடிவெடுப்பவருக்கு அது எதிர்த்திசை.

செடிக்கும் உயிர் உண்டே?

புலால் விட்டவர் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. கேட்பவர் பெரும்பாலும் கீரைக்காக வருந்தி அதைக் கேட்பதில்லை என்றாலும், தமிழில் இதற்குப் பழைய விடை உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின்படி வரிசைப்படுத்துகிறது: புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பு மூவறிவு, நண்டு நான்கறிவு, விலங்கு ஐயறிவு, மனிதர் ஆறறிவு. சமணரின் புலன் கணக்கும் இதையொட்டியதே. உயிர் எல்லாவற்றிலும் உண்டு, உணரும் திறன் ஒன்றுபோல இல்லை என்பது இதன் அடிப்படை. ஜெரமி பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில், விலங்குக்குப் பகுத்தறிவும் பேச்சும் உண்டா என்பதைவிட அது துன்பப்படுமா என்பதே கேள்வி என்று வைத்ததும், பீட்டர் சிங்கர் 1975இல் ‘அனிமல் லிபரேஷன்’ நூலில் அதை விரித்ததும் இதே பாதையில்தான். சிங்கருக்கு அளவுகோல் துன்பம். டாம் ரீகனுக்கு (1983) உரிமை. வலியே இல்லாமல் கொன்றால் சரியா என்று கேட்டால் இருவர் வழியும் பிரியும்.

செடி வாதத்துக்கு இன்னொரு எளிய பதிலும் உண்டு. கோழி ஒரு கிலோ எடை கூட ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீவனம் தின்னும். அதில் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். செடியின் உயிரை எண்ணுகிறவருக்கும் கறி சிக்கனமான வழி ஆகாது. வயல் உழும்போதும் அறுக்கும்போதும் எலிகளும் பூச்சிகளும் சாகின்றன என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். எந்தச் சாப்பாடும் முழுக்கக் கொலை நீங்கியது ஆகாது என்பதை அது காட்டுகிறது. அதனால் எல்லாச் சாப்பாடும் சமம் என்று ஆகிவிடாது.

பாலும் முட்டையும்

கறியை விட்டவுடன் முடிவு முடிந்துவிடுவதில்லை. முட்டைப் பண்ணைக்கான குஞ்சுப் பொரிப்பகங்களில் சேவல் குஞ்சுகளால் பயன் இல்லை. உலகெங்கும் பெரும்பாலும் பொரித்த அன்றே அவை கொல்லப்படுகின்றன. நாமக்கல் முட்டை விலையைப் போடும் நாளிதழ், பக்கத்திலேயே முட்டைக்கோழியின் கிலோ விலையையும் போடும். முட்டையிட்டு ஓய்ந்த கோழி போகும் இடம் அந்த விலையில் இருக்கிறது. பசு பால் கொடுக்க வேண்டுமென்றால் கன்று ஈன வேண்டும். டிராக்டரும் சினை ஊசியும் வந்தபின் காளைக்கன்றுக்கு வேலை இல்லை. அது சந்தைக்குப் போகிறது. உலகிலேயே அதிகமாகப் பால் கறக்கும் இந்தியா, எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்னணியில் இருப்பது தற்செயல் அன்று. பொட்டலத்தில் பச்சைப் புள்ளியைப் பார்த்து நிம்மதி அடைபவர் இதை எண்ணுவதில்லை. பாலையும் சேர்த்து விட்டவர்களுக்கெனப் பிரிட்டனில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் 1944இல் வீகன் சங்கம் தொடங்கினார்கள்.

காந்தியின் வாழ்க்கை இந்த அடுக்குகள் எல்லாவற்றையும் கடந்தது. சிறுவயதில், கறி தின்றால்தான் ஆங்கிலேயரை விரட்டும் பலம் வரும் என்று நம்பி ஒளிந்து தின்றார். அன்றிரவு வயிற்றுக்குள் ஆடு கத்துவதுபோல் இருந்ததாக எழுதியிருக்கிறார். 1888இல் லண்டன் போகுமுன் தாய்க்குக் கொடுத்த சத்தியத்துக்காகவே அங்கே கறியைத் தொடாமல் இருந்தார். மனத்துக்குள் எல்லோரும் கறி தின்ன வேண்டும் என்ற விருப்பம் போகவில்லை. ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஹென்றி சால்ட்டின் சிறுநூலை வாங்கிப் படித்த பிறகே, தானாகத் தேர்ந்து சைவ உணவுக்காரர் ஆனதாகச் சொல்கிறார். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டிருந்தவர் முடிவெடுத்தவராக மாறியது அங்கே. பின்னாளில் பாலையும் விட்டார். கடும் நோயில் கிடந்தபோது, விரதம் பசு எருமைப் பாலுக்குத்தானே என்று கஸ்தூரிபா சுட்டிக்காட்ட, ஆட்டுப்பாலுக்கு இணங்கினார். சத்தியத்தின் சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டதாக அது அவரைக் கடைசிவரை உறுத்தியது. 1931 நவம்பரில் லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் பேசியபோது, உடல்நலத்தை மட்டும் நம்பிக் கறியை விட்டவர்கள் நிலைப்பதில்லை, அறத்தின் அடிப்படை வேண்டும் என்றார். சால்ட் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

சாதியும் அறமும்

இந்தியாவில் இந்த முடிவை மற்ற நாடுகளைவிடச் சிக்கலாக்குவது சாதி. கறி தின்னாதவர் உயர்ந்தவர், தின்பவர் தாழ்ந்தவர் என்ற தீட்டுக் கணக்கு விலங்கின் வலியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மனிதரைத் தள்ளி வைக்கத்தான் உதவுகிறது. சென்னையில் வீடு தேடுகிறவர் ‘சைவம் மட்டும்’ என்ற நிபந்தனையின் பொருளை விளக்கமின்றியே புரிந்துகொள்வார். அறம் கருதிப் புலால் விடுகிறவர் தன்னை இந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்களோ என்று தயங்குவதில் நியாயம் உண்டு. 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தமிழக அரசு 2003இல் கண்டிப்பாக அமல்படுத்த முயன்றபோது எழுந்த எதிர்ப்பும் இந்த வகையானதே. ஊர்க்கோயில் கிடா வெட்டைத் தடுத்த அந்தச் சட்டம் கறிக்கடையை ஒன்றும் செய்யவில்லை. 2004இல் அது நீக்கப்பட்டது.

இராமலிங்க அடிகளின் வழி இங்கே கவனிக்கத்தக்கது. கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே வடலூர் ஞானசபைக்குள் வரலாம் என்று வரம்பு வைத்தவர் அவர். ஆனால் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் சாதி, சமயம் கேட்காமல் பசித்தவர் எல்லோருக்கும் சோறு. புலால் உண்பவரானாலும் பசியை நீக்குவது கடமை என்பது அவர் கொள்கை. கொள்கையில் விட்டுக்கொடுக்காமலும் மனிதரைத் தள்ளாமலும் இருக்க முடியும் என்பதற்கு அந்த அடுப்பு போதுமான சான்று.

நடைமுறையில்

விடுவதில் கடினமான பகுதி பசி அன்று, உறவு. குலதெய்வப் படையலில் பங்கு வாங்காவிட்டால் பங்காளிகள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் தனிக்குழம்பு வைக்கும் வேலை பெரும்பாலும் முடிவெடுத்தவர் தலையில் விழாமல் அம்மா அல்லது மனைவி தலையில் விழுகிறது. அடுத்த உயிருக்கு இரங்கி எடுத்த முடிவு அடுக்களையில் இருப்பவரின் சுமையைக் கூட்டினால் அதன் கணக்கு பிசகுகிறது. ஒரேயடியாக விடாமல் முதலில் பண்ணைக் கோழியை, பிறகு மீனை என்று படிப்படியாக விடுவோரும், வெளியில் எங்கும் உண்பதில்லை என்று வரம்பு வைத்துக்கொள்வோரும் உண்டு.

உடல் பக்கம் கவனிக்க வேண்டியவை சில. பி12 வைட்டமின் தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. நாளொன்றுக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம் தேவை. பால், தயிர் மூலம் ஓரளவு கிடைக்கும். பாலையும் விட்டவர் மாத்திரையோ செறிவூட்டிய உணவோ எடுத்தே ஆக வேண்டும். ஈரலில் பல ஆண்டுக்கான சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. கை கால் மரத்துப்போன பிறகு தெரியவரும். பயறு, கீரையில் உள்ள இரும்புச்சத்து கறியில் உள்ளதைவிடக் குறைவாகவே உடலில் சேரும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் குறையும். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் முழுத் தாவர உணவுக்கு மாறுமுன் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.