இமைக்கு ஒட்டு முடி... கண்ணுக்கு வேட்டு! பெண்களே உஷார்

விழுப்புரம்:
தை, வைகாசி, ஆவணி என முகூர்த்த மாதம் வந்துவிட்டால் விழுப்புரம், திண்டிவனத்தில் பியூட்டி பார்லர்கள் களைகட்டும். மணப்பெண் மட்டுமல்ல, தோழி, நாத்தனார் என வரிசையாக உட்காருவார்கள். பேஷியல், புருவம் திருத்துவது எல்லாம் பழைய கதை. இப்போது இமையில் செயற்கை முடி ஒட்டும் 'ஐலாஷ் எக்ஸ்டென்ஷன்' வரை வந்தாச்சு. அழகு சரி, ஆனால் கண்ணு பத்திரமா இருக்கணுமே!

ஒட்டுவது எப்படி?

கண்ணை மூடி படுக்க வைத்து, ஒவ்வொரு இமை முடி மேலும் ஒரு செயற்கை முடியை பசை தொட்டு ஒட்டுகிறார்கள். 2 மணி நேரம் வரை ஆகும். இமை முடி தானாக உதிர்ந்து முளைப்பது என்பதால், 2, 3 வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் ஒட்ட வேண்டும். அதாவது மீண்டும் மீண்டும் பசை.

பசைக்குள் என்ன?

வில்லனே இந்த பசைதான். இதன் பெயர் சயனோஅக்ரிலேட். அறுந்த செருப்பு ஒட்ட பெட்டிக்கடையில் சின்ன டியூப்பில் வாங்குவோமே, அந்த வகையறா. இது காயும்போது கிளம்பும் ஆவி கண்ணை எரிக்கும். இதில் இருந்து பார்மால்டிஹைடு என்ற ரசாயனமும் வெளியாகும். அதை தண்ணீரில் கலந்தால்தான் பார்மலின். மீன் கெடாமல் இருக்க திருட்டுத்தனமாக தெளிக்கிறார்கள் என்று அதிகாரிகள் சோதனை போடுவார்களே, அதேதான்.

ஜப்பானில் 107 பெண்கள்

ஜப்பானில் இந்த மோகம் முன்பே பரவியது. முடி ஒட்டி கண் பாதித்த 107 பெண்களை பற்றிய ஆய்வை அங்குள்ள கண் டாக்டர்கள் 2012-ல் வெளியிட்டனர். அதில் 64 பேருக்கு கருவிழியிலும் விழி வெண்படலத்திலும் அழற்சி. 42 பேருக்கு இமையில் அலர்ஜி வீக்கம். பரிசோதித்த பசைகளில் பார்மால்டிஹைடு இருந்ததும் தெரிந்தது.

'போன தடவை ஒண்ணும் ஆகலையே?'

இப்படித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அலர்ஜி முதல் தடவையே வரணும்னு இல்லை. நாலைந்து முறை சும்மா இருந்த உடம்பு, அடுத்த முறை திடீரென எதிர்ப்பு காட்டும். அதன்பிறகு அந்த பசை எப்போது பட்டாலும் வீங்கும். கனமான முடியை ஒட்டினால் சொந்த முடியும் வேரோடு உதிரலாம். அழுக்கு சேர்ந்தால் இமை ஓரத்தில் கிருமித்தொற்று வரும்.

மெட்ராஸ் ஐயா, அலர்ஜியா?

கண் சிவந்தாலே 'மெட்ராஸ் ஐ' என்று சும்மா இருந்துவிடக்கூடாது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும், வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். அலர்ஜி தொற்றாது. முடி ஒட்டிய சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இரண்டு இமையும் வீங்கி பயங்கரமாக அரிக்கும்.

கண் எரிந்தால்...

* பசையோ, முடி எடுக்கும் திரவமோ கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது விடாமல் கழுவணும்.
* கண்ணை கசக்கக்கூடாது. ஒட்டிய முடியை பிய்க்கக்கூடாது.
* இமைகள் ஒட்டிக்கொண்டால் பலவந்தமாக பிரிக்காமல் டாக்டரிடம் ஓடணும்.
* தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று கைவைத்தியம் வேண்டாம்.
* மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். டாக்டர் சொல்லாமல் அதை போட்டு வந்தால் கண் நீர் அழுத்தம், கண்புரை வரும்.

வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் ஒரு நாள்கூட தள்ளிப்போடக்கூடாது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் கண் பிரிவு இருக்கிறது.

பார்லரில் கேளுங்க

1 அல்லது 2 நாள் முன்பே காதுக்கு பின்னால் துளி பசை வைத்து சோதிக்க சொல்லுங்க. அரிப்பு, தடிப்பு வந்தால் 'வேணாம்' என்று எழுந்து வந்துவிடுங்க. சோதனையில் தப்பினாலும் முழு உத்தரவாதம் இல்லை. பசை டப்பாவில் பெயர், தேதி இருக்கிறதா, கருவியை சுத்தம் செய்தார்களா என்றும் பாருங்க. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கழற்றிவிட்டுத்தான் உட்காரணும்.

முடி கருக்க போடும் 'டை'யை இமையிலோ புருவத்திலோ மறந்தும் தடவக்கூடாது. அமெரிக்காவில் 1933-ல் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் பூசிய பெண்களில் சிலர் பார்வை இழந்தனர், ஒருவர் உயிரே போனது. அந்த கொடுமையும் சேர்ந்துதான் அங்கு 1938-ல் அழகு சாதனங்களுக்கு சட்டம் வந்தது. சாயத்தில் இருந்த பாராபினைலின்டயமின் இன்றும் பல ஹேர் டைகளில் இருக்கிறது. 'இமை, புருவத்தில் பூசினால் பார்வை போகலாம்' என்று அந்த டை பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும் என்பது நம்ம நாட்டு விதி.

பில் முக்கியம்

பார்லரில் பில் கேட்டு வாங்குங்க. கண் பாதித்தால் போட்டோ, டாக்டர் சீட்டு, மருந்து பில் எல்லாம் பத்திரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்கு போடலாம். பார்லருக்கு கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக்கு கட்டணம் இல்லை.