கூடத்துக்குள் கரீசோ

கலிபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில், கரீசோ என்றொரு மலையிடுக்கு உண்டு. இருபுறமும் வெயிலில் வெந்த பாறைச் சரிவுகள். அடியில் எப்போதாவது நீரோடும் படுகை. சர்க்கரைத் தொழிலில் பெரும்பொருள் சேர்த்த ஜான் டி. ஸ்ப்ரெக்கல்ஸ் இதன் வழியாக ரயில் விடத் துணிந்தார். சான் டியேகோ துறைமுகத்துக்குக் கிழக்கு நோக்கி நேர்வழி வேண்டும் என்பது அவர் ஆசை. 1907-இல் வேலை தொடங்கியது. மெக்சிகோ புரட்சி, 1916 வெள்ளம், உலகப் போர் என ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்தன. ‘நடவாத ரயில்பாதை’ என்றே ஊரார் பெயர் வைத்துவிட்டார்கள். 1919 நவம்பர் 15 அன்று, அந்த மலையிடுக்கிலேயே ஸ்ப்ரெக்கல்ஸ் தங்க ஆணி அடித்து வேலையை நிறைவு செய்தார்.

மொத்தம் 21 சுரங்கங்கள். அவற்றில் 17, கரீசோவின் 11 மைலுக்குள்ளேயே இருந்தன.

1932-இல் பதினைந்தாம் சுரங்கம் இடிந்தது. அதை மறுபடி குடைவதை விட்டு, பொறியாளர்கள் பாதையையே திருப்பினார்கள்; கோட் கேன்யன் என்ற கிளைப் பள்ளத்தின் மேல் மரத்தால் பாலம் எழுப்பினார்கள். உயரம் சுமார் 186 அடி. இரும்பு தாராளமாகக் கிடைத்த காலத்தில் மரம் எதற்கு? வெப்பமும் குளிரும் மாறிமாறித் தாக்கும் அந்த இடத்தில் உலோகம் வலுவிழந்துவிடும் என்று அஞ்சினார்கள். பள்ளத்தில் வீசும் காற்றைத் தாங்குவதற்காகப் பாலத்தை வளைவாகவும் அமைத்தார்கள்.

இந்த மலையிடுக்கை ஒரு கூடத்துக்குள் கொண்டுவர முடியுமா? சான் டியேகோவின் பல்போவா பூங்காவில் உள்ள மாதிரி ரயில் அருங்காட்சியகத்தில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். எச்.ஓ. என்ற அளவுமுறையில் எல்லாம் 87-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அந்தக் கணக்கில் பாலம் இரண்டடிக்குச் சற்று மேல் நிற்கும். மேசைமேல் அது அழகான உயரம். சிக்கல் நீளத்தில்தான். 11 மைல் என்பது ஏறக்குறைய 667 அடி ஆகிவிடும்.

அதனால் வெட்ட வேண்டியிருக்கிறது. எந்தச் சுரங்கத்தை விடுவது, எந்த வளைவை வைப்பது? மாதிரி ரயில் கலையின் உயிர் இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. ஒரு பாறையைப் பிழையின்றி நகலெடுக்கக் கைத்திறன் போதும். பத்துப் பாறைகளில் எந்த மூன்றைப் பார்த்தால் கரீசோ என்று தெரியும் எனச் சொல்ல, அந்த இடத்தை நடந்து பார்த்திருக்க வேண்டும். கைவேலை என்னவோ எளிய பொருள்களால் ஆனது: கம்பிவலை, சாந்தில் நனைத்த தாள், ரப்பர் அச்சில் வார்த்தெடுத்த பாறைமுகங்கள், மேலே நீர்த்த வண்ணம். அசல் இடத்து மண்ணையே சலித்துத் தூவுகிறவர்களும் உண்டு. நிறத்தில் அதற்கு இணையாக எந்த வண்ணக் குப்பியும் வராது.

அதே கட்டடத்தில் லா மெசா மாதிரி ரயில் சங்கத்தார் எதிர்த்திசையில் போயிருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது டெஹாச்சபி கணவாய். 1876-இல் சீனத் தொழிலாளர்களின் உழைப்பில் உருவான மலைப்பாதை அது. அங்கே தண்டவாளம் ஒரு முழு வட்டம் போட்டு, 77 அடி உயர்ந்து, தன்னையே மேலே தாண்டிச் செல்கிறது. அந்த வட்டத்தின் 3,779 அடித் தண்டவாளம் எச்.ஓ. அளவில் 43 அடி. பொதுவாக வீட்டில் அமைப்பவர்கள் இதை ஒரு மேசையளவுக்கு ஒடுக்கிவிடுவார்கள். நீண்ட சரக்கு ரயிலின் முன்பகுதி தன் பின்பகுதிக்கு மேலே செல்லும் காட்சி அப்போது கெட்டுவிடும். இடத்தைக் கணக்குப் பார்க்காத லா மெசாக்காரர்களின் பிடிவாதம் சரியானது.

அசல் கரீசோவின் கதை வேறு விதமாகப் போனது. பயணிகள் ரயில் 1951-இல் நின்றது. 1976 செப்டம்பரில் கேத்லீன் புயல் பாதையை அரித்துச் சென்றது. பிறகு பழுதுபார்த்தும் போக்குவரத்து நிலைக்கவில்லை. இன்று கோட் கேன்யன் பாலத்தை ரயில் கடப்பதில்லை. மலையேறிகள்தான் நடந்து போய்ப் பார்த்து வருகிறார்கள். அந்தப் பாலத்தில் வண்டி எப்படி வளைந்து சென்றது என்று அறிய விரும்பும் குழந்தை பல்போவா பூங்காவுக்குத்தான் போக வேண்டும். டெஹாச்சபி மேசையிலோ காலம் 1950-களில் நிற்கிறது. சங்கத்தார் ரயில் ஓட்டும் நாள்களில், அக்காலத்து முறைப்படியே எழுத்து ஆணை பெற்று, எதிர்வண்டி வரும்வரை கிளைத்தடத்தில் காத்திருந்து மலை ஏறுகிறார்கள்.